ஃபேன் ஐந்தில் ஓடும்போதும் வசனம் கேட்குமா? பட்ஜெட் சவுண்ட்பார் வாங்கும் முன்

சித்திரை பிறந்துவிட்டால் வேலூர் வீடுகளில் ஃபேன் ஐந்துக்குக் கீழே இறங்காது. அந்த இரைச்சலில் சீரியல் வசனம் காதில் விழவில்லையே என்று டிவி சத்தத்தைக் கூட்டினால், பின்னணி இசைதான் அலறும். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்து இருக்கும். பேச்சு ஸ்டாண்டிலும் சுவரிலும் முட்டிவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. 7,000 ரூபாய்க்குள் சவுண்ட்பார் (டிவிக்கு முன்னால் வைக்கும் நீள ஸ்பீக்கர்) தேடுபவர் சரிபார்க்க வேண்டியது பேச்சுத் தெளிவைத்தான், அதிரும் பேஸ் சத்தம் அப்புறம்.

ஆபீசர்ஸ் லைன் பக்கம் எந்தக் கடையில் டெமோ கேட்டாலும் குத்துப்பாட்டுதான் போடுவார்கள். "நியூஸ் சேனல் வைங்கண்ணே" என்று கேளுங்கள். வாசிப்பவர் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தால் அந்த மாடல் வேண்டாம். கடையில் ஏசி ஓடும், உங்கள் ஹாலில் ஃபேன் ஓடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸில் ஆர்எம்எஸ் (RMS, தொடர்ந்து தரக்கூடிய உண்மையான சக்தி) எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். பிஎம்பிஓ (PMPO) என்று போடும் பெரிய எண் வெறும் விளம்பரம். வாட்ஸ் இரண்டு மடங்கானாலும் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலுக்கு 60 வாட்ஸ் தாராளம். 'வர்ச்சுவல் சரவுண்ட்' (சுற்றிலும் சத்தம் வருவதுபோல் காட்டும் வசதி) என்ற எழுத்துக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு வரும் தலைவலியில் பாதி இணைப்பில்தான். கிளம்பும் முன் டிவியின் பின்புறத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் பக்கத்தில் 'ஏஆர்சி' (ARC, டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் வசதி) என்று எழுதியிருந்தால், அதே வசதியுள்ள சவுண்ட்பாரையே எடுங்கள். சாதாரண எச்டிஎம்ஐ கேபிளே போதும், டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அதற்கு டிவி செட்டிங்கில் சிஇசி (CEC, ஒரே ரிமோட்டில் இரண்டையும் இயக்கும் வசதி) ஆனில் இருக்க வேண்டும். சாம்சங்கில் அதற்குப் பெயர் எனிநெட் ப்ளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க்.

ஏஆர்சி இல்லையென்றால் ஆப்டிகல், அதாவது ஒலியை வெளிச்சமாகக் கடத்தும் கேபிள். அந்தக் கேபிளின் இரு முனையிலும் கண்ணுக்கே தெரியாத சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் சொருகிவிட்டு "பீஸ் டிஃபெக்ட்" என்று கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. மூடியைக் கழற்றி ஒரு முனையை ஓடும் டிவியில் சொருகினால் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரியும். வெளிச்சம் இருந்தும் சத்தம் இல்லையா? பெரும்பாலும் டிவி டால்பி (சுருக்கி அனுப்பும் ஒலி வடிவம்) சிக்னலை அனுப்புகிறது, மலிவான பாருக்கு அதைப் பிரிக்கத் தெரியவில்லை. டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம்-க்கு (PCM, சுருக்காத சாதாரண ஒலி வடிவம்) மாற்றினால் சத்தம் வந்துவிடும்.

ப்ளூடூத் பாட்டுக்குச் சரி. டிவியோடு இணைத்தால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று பல செட்களில் தள்ளிப் போகும்.

தனி சப்வூஃபர் (பேஸ் பெட்டி) உள்ள 2.1 மாடல் வாங்கினால் அந்தப் பெட்டியை மூலையில் தள்ளாதீர்கள். மூலையில் பேஸ் வீங்கி வசனத்தை விழுங்கிவிடும். சுவரிலிருந்து ஒரு அடி விலக்கி வைத்து, பேஸை இரண்டு புள்ளி குறையுங்கள். வாடகை வீட்டில் கீழ்வீட்டுக்காரரும் நிம்மதியாகத் தூங்குவார்.

டிவியின் கீழ் விளிம்புக்கும் மேசைக்கும் நடுவிலுள்ள உயரத்தை அளந்து செல்லுங்கள். பார் அதைவிட உயரமென்றால் டிவியின் ரிமோட் சென்சாரை மறைத்துவிடும்.

பில் போடுமுன் இன்னொன்று. பாரை டிவியோடு இணைத்து ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகச் சொல்லுங்கள். கரண்ட் போய் வந்ததும் சில மாடல்கள் ப்ளூடூத் மோடுக்குப் போய் நின்றுவிடும். வீட்டில் தாத்தா, பாட்டி மட்டும் இருக்கும் நேரத்தில் அதை யார் மாற்றுவது?