மூன்று களிமண் பொடிகள், ஒரே முகம்: எட்டு வாரப் பயன்பாட்டு மதிப்புரை

எண்ணெய் வழியும் நெற்றியும் மூக்கும், அதற்கு நேர்மாறாக எளிதில் வறண்டுபோகும் கன்னங்களும் ஒரே முகத்தில் அமைந்தவர்கள் களிமண் பூசலாமா என்ற கேள்விக்கு, பொட்டலங்களின் மேல் அச்சிட்டிருக்கும் வாசகங்களில் விடை கிடைப்பதில்லை. எனக்கு வாய்த்திருப்பது அத்தகைய முகமே என்பதால், நறுமணமோ நிறமோ சேர்க்காத மூன்று பொடிகளை வாங்கி எட்டு வாரங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன். வெண்களிமண் எனப்படும் கயோலின், பென்டோனைட், முல்தானி மட்டி ஆகியவையே அவை.

மிகுந்த எதிர்பார்ப்புடன் வாங்கியதும் முதல் நாளே சிரமம் தந்ததும் பென்டோனைட்தான். எரிமலைச் சாம்பல் நெடுங்காலம் சிதைந்து உருவாகும் இக்களிமண், தாள்களை அடுக்கியது போன்ற நுண்ணிய தகடுகளால் ஆனது. அத்தகடுகளுக்கு இடையே நீர் புகுந்துகொள்வதால், குறிப்பாக இதன் சோடியம் வகை, பல மடங்கு உப்பிக் கூழாகிவிடுகிறது. பொடியின் மேல் நீரை ஊற்றினால் மேற்பகுதி மட்டும் பசையாகி, உள்ளே உலர்ந்த கட்டிகள் மிஞ்சுகின்றன. நீரின் மேல் பொடியைச் சிறிது சிறிதாகத் தூவி, கிளறாமல் சில நிமிடங்கள் ஊறவிட்ட பிறகே எனக்குச் சீரான பசை கிடைத்தது.

பொட்டலத்தில் சொல்லியிருந்தபடி 20 நிமிடங்கள் வைத்திருந்து, பூச்சு வெடிப்பு விட்ட பின் கழுவினேன். மூக்கு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கன்னங்களோ சிவந்து, வாய் திறந்து சிரிக்க முடியாத அளவுக்கு இறுகியிருந்தன. அந்தச் சிவப்பு அடங்க மறுநாள் காலை ஆயிற்று. காரணம் ஊகிக்கக் கடினமானதன்று. அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் பிஎச் அளவு, நீரில் கலந்த பென்டோனைட்டில் பெரும்பாலும் 8.5-க்கு மேல், அதாவது காரத்தின் பக்கம் இருக்கும். நலமான தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய மென்மையான அமிலத்தன்மை உடையது. இதைச் சரிக்கட்ட வினிகரோ எலுமிச்சைச் சாறோ கலக்கச் சொல்லும் யோசனை பரவலாக இருக்கிறது. அமிலம் சேர்ந்தால் காரம் தணியும் என்பது உண்மைதான் என்றாலும், எவ்வளவு தணிந்தது என்பதை அளக்க வழியில்லாமல், ஏற்கெனவே எரியும் தோலில் எலுமிச்சையைத் தேய்ப்பதை என்னால் பரிந்துரைக்க இயலாது. நேரத்தை 8 நிமிடங்களாகக் குறைத்து, மூக்கிலும் முகவாயிலும் மட்டும் பூசி, ஈரம் காய்வதற்கு முன்பே கழுவத் தொடங்கிய பிறகு எரிச்சல் வரவில்லை. பூச்சு இறுகினால்தான் அது வேலை செய்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உலரும் மண் சுருங்கும்போது தோலையும் சேர்த்து இழுக்கிறது, அந்த உணர்வுக்கு வேறு பொருள் இல்லை.

கயோலின் இதற்கு முற்றிலும் வேறானது. பீங்கான் செய்யப் பயன்படும் அதே வெண்களிமண்தான் இது. சீனாவில் அம்மண் வெட்டி எடுக்கப்பட்ட காவ்லிங் என்ற இடத்தின் பெயரே இதற்கு நிலைத்தது. இதன் தகடுகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால் நீரில் உப்புவதில்லை, எண்ணெயையும் பென்டோனைட் அளவுக்கு உறிஞ்சுவதில்லை. என் போன்றவர்களுக்கு அந்தக் குறையே நன்மையாகிறது. முகம் முழுவதும் பூசி 10 நிமிடங்களில் கழுவினால் நெற்றியின் பிசுபிசுப்பு நீங்குகிறது, கன்னம் வறள்வதில்லை, தேய்க்காமலே வெறும் நீரில் கரைந்து போய்விடுகிறது.

முல்தானி மட்டியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது கடினம். கம்பளியில் ஒட்டிய கொழுப்பை நீக்க நெசவாளர்கள் பயன்படுத்திவந்த மண் வகையைச் சேர்ந்தது என்பதால், எண்ணெயை உறிஞ்சும் அதன் திறனில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது ஒரே கனிமத்தின் பெயர் அன்று; வெட்டி எடுக்கும் இடத்தைப் பொறுத்து நிறமும் தன்மையும் மாறும். நான் வாங்கிய முதல் பொட்டலம் மாவு போல் இருந்தது. அதே விற்பனையாளரிடம் வாங்கிய இரண்டாவதில் விரலுக்குத் தட்டுப்படும் மணல் துகள்கள் இருந்தன. மெல்லிய துணியில் சலித்த பிறகும் முழுமையாக நீங்காததால், அதை முகத்தில் பூசுவதை நிறுத்திவிட்டேன்.

மூன்று பொட்டலங்களிலும் தவறாமல் இடம்பெற்ற வாசகம், 'நச்சுகளை வெளியேற்றும்' என்பது. உடலின் கழிவை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும்தாம். முகத்தில் பூசிய மண் தோலின் மேலுள்ள எண்ணெயையும் அழுக்கையும் பற்றிக்கொள்ளும், அதற்கு மேல் எதையும் உள்ளிருந்து இழுத்து வராது. மூக்கின் கரும்புள்ளிகள் பூச்சுக்குப் பின் மங்கித் தெரிந்தன. இரண்டே நாளில் பழையபடி ஆயின. முகப்பருவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் நான் காணவில்லை.

இதைவிட என்னை உறுத்தியது, பொட்டலங்களில் இல்லாத தகவல். மண்ணில் ஈயம், ஆர்சனிக் போன்ற உலோகங்கள் இயல்பாகவே கலந்திருக்கலாம். 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஈயம் மிகுந்திருந்த பென்டோனைட் பொடிகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. உலோகப் பரிசோதனை, தயாரிப்புத் தொகுதி எண் ஆகிய இரண்டையும் குறிப்பிட்டிருந்தது கயோலின் பொட்டலம் மட்டுமே. மற்ற இரண்டும் '100% இயற்கை' என்பதோடு நின்றுவிட்டன. ஈயமும் இயற்கையானதுதானே.

பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. குழைத்த பசையை மறுநாளுக்கு எடுத்துவைக்கக் கூடாது. நுண்ணுயிர்களைத் தடுக்கும் பொருள் ஏதும் அதில் இல்லை. பொடியைக் கொட்டும்போது எழும் தூசியை மூச்சில் இழுக்காமல் இருப்பது நல்லது. வெடித்த தோலிலும் ஆறாத புண்ணிலும் பூசவே கூடாது. உலோகக் கரண்டியால் கிளறினால் மண் சக்தியை இழக்கும் என்பதை மட்டும் பொருட்படுத்த வேண்டியதில்லை. சில நிமிடத் தொடர்பில் எதுவும் ஆகிவிடாது. மிஞ்சிய பென்டோனைட்டைக் கழுவுதொட்டியில் கொட்ட வேண்டாம். அது குழாய்க்குள்ளும் உப்பும் என்பதை அடைத்துக்கொண்ட குழாயைக் கழற்றிய நாளில் தெரிந்துகொண்டேன்.

கயோலின் தீர்ந்து, மறுபடியும் வாங்கியிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு முறை போதுமானதாக இருக்கிறது. பென்டோனைட்டை 10 நாளுக்கு ஒரு முறை மூக்குக்கு மட்டும் எடுக்கிறேன். அந்தக் கணக்கில் மீதமுள்ள பொடி தீர ஓராண்டுக்கு மேல் ஆகும்.