லினன் கலந்த முழுக்கைச் சட்டை: புழுக்கத்திலும் வேலைக்குப் போட ஏற்றது

55 சதவீதம் லினன், 45 சதவீதம் பருத்தி. வெளிர் கிரீம் நிறம், முழுக்கை, சாதாரணக் காலர். இந்தக் கோடையில் நான் வேலைக்கு அதிகம் போட்டுக்கொண்டு போனது இந்தச் சட்டையைத்தான். நாலு பேரை நேரில் பார்த்துப் பேசும் வேலை எனக்கு. காலையில் நெரிசலான பேருந்து, அப்புறம் ஏசி அறை, மத்தியானம் மறுபடி வெளியே. வெயிலைக்கூடத் தாங்கிவிடலாம், புழுக்கம்தான் ஆளை வாட்டுகிறது. சட்டை முதுகில் ஒட்டவும் கூடாது, கசங்கித் தொங்கவும் கூடாது. இரண்டுக்கும் இது ஈடுகொடுக்கிறது.

ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை லேசில் ஆவியாகாது. வழிந்துகொண்டிருக்குமே ஒழிய உடம்பு குளிராது. அதனால் கோடைச் சட்டை என்றால் மெல்லிசாக இருந்தால் போதும் என்பதை நான் ஏற்பதில்லை. மெல்லிசாக, நெருக்கமாக நெய்த பருத்தி நனைந்ததும் தோலோடு ஒட்டிக்கொள்கிறது, அதன் பிறகு காற்று போக வழியில்லை. லினன் இழைக்கு இயல்பிலேயே ஒரு விறைப்பு உண்டு. அதனால் துணி உடம்பில் படியாமல் சற்று விலகி நிற்கிறது, நடக்க நடக்கக் கீழே நுழையும் காற்று காலர் வழியாக வெளியேறுகிறது. ஈரத்தை வாங்கிக்கொள்வதிலும் அது கெட்டி. சாதாரண அறைக் காற்றில் லினன் தன் எடையில் சுமார் 12 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பருத்தி 8 சதவீதம் அளவில். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. கடையில் ஒரு சோதனை செய்யலாம்: துணியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூல்களுக்கு நடுவே புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் காற்றும் போகும்.

சரி, கசங்குமே என்பீர்கள். கசங்கும். லினன் இழை நீண்டு மீளாது, மடித்தால் மடித்தபடியே நிற்கும். லண்டனில் பெட்ரி அருங்காட்சியகத்தில் எகிப்தின் தர்கானில் கிடைத்த ஒரு லினன் ஆடை இருக்கிறது. 5,000 ஆண்டுகளுக்கு முந்தையது. அதைப் போட்டிருந்தவரின் முழங்கை மடிப்பும் அக்குள் சுருக்கமும் இன்றும் அதில் தெரிகின்றன. அப்படிப்பட்ட இழையை ஒரு பேருந்துப் பயணத்தில் மடிப்பில்லாமல் காப்பாற்ற முடியாது. அதனால்தான் சுத்த லினனை விட்டுக் கலப்புக்கு வந்தேன். பருத்தி சேர்ந்ததால் கூரான மடிப்புகள் விழுவதில்லை. மிருதுவான சுருக்கங்கள்தான், அவை கண்ணை உறுத்துவதில்லை. துவைத்ததும் முறுக்கிப் பிழியாமல் உதறிக் காயப்போட்டு, ஈரம் முழுக்கப் போகும் முன்பே இஸ்திரி போட்டுவிட வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் பெட்டி என்னதான் சூடானாலும் சுருக்கம் போகாது, தண்ணீர் தெளித்துத்தான் தேய்க்க வேண்டும்.

அளவு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. முதல் சலவையிலேயே கை சற்றுச் சுருங்கியது. மணிக்கட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் கூடுதலாக இருக்கும் அளவாகப் பார்த்து எடுங்கள். உடல்பகுதி தளர்வாகவும் தோள் சரியாகவும் அமைய வேண்டும். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார்ந்துவிட்டால், மற்ற இடம் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் உடை நேர்த்தியாகவே தெரியும். எனக்குக் குறையாகப் பட்டது காலர். உள்ளே தடிமனான உள்துணியை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கழுத்து வியர்வையில் நனைந்தால் அந்த இடம் மட்டும் வெகுநேரம் ஈரமாகவே கிடக்கிறது. இவ்வளவு நல்ல துணிக்கு இன்னும் இளகிய காலர் வைத்திருக்கலாம்.

நிறமும் முக்கியம். வியர்வைக் கறை அதிகம் காட்டிக்கொடுப்பது நடுத்தரச் சாம்பலும் வெளிர்நீலமும்தான். வெள்ளை, கிரீம், கருநீலம் மூன்றிலும் ஈரம் அவ்வளவாகத் தெரியாது.

கீழே என்ன போடுவது? சட்டையும் லினன், கால்சட்டையும் லினன் என்றால் மாலைக்குள் உட்கார்ந்த இடமெல்லாம் கசங்கிவிடும். நான் போடுவது மெல்லிய கம்பளிக் கால்சட்டை. கோடையில் கம்பளியா என்று தள்ளிவிடாதீர்கள். நன்றாக முறுக்கிய நூலில் இடைவெளி விட்டு நெய்த கோடைக் கம்பளி காற்றைத் தாராளமாக விடுகிறது. இரவு தொங்கவிட்டால் காலையில் கசங்கல்கள் பெரும்பாலும் தாமாகவே போய்விடுகின்றன. வாங்கும் முன் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். முழங்கால்வரை பாலியஸ்டர் லைனிங் கொடுத்துத் தைத்திருந்தால் மேல்துணியின் நன்மையெல்லாம் வீண்.

நாள் முழுக்க ஏசியிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை, நல்ல பருத்திச் சட்டையே போதும். வெளியே அலைகிறவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். இதே துணியில் கருநீலம் ஒன்று எடுக்கப் போகிறேன், அதில் காலரை மட்டும் தெரிந்த தையல்காரரிடம் கொடுத்து உள்துணி இல்லாமல் மாற்றித் தைத்துக்கொள்வேன்.