பூம்புகாரா, தரங்கம்பாடியா? ஒரு நாள் மட்டும் கையில் இருப்பவருக்கு

மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையில், சாலை வழியே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பழைய துறைமுகங்கள் உள்ளன. கடல்வணிக வரலாற்றைக் கண்ணால் காண வருபவர் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார். தேர்ந்தெடுத்த ஊரிலும் காண வேண்டியதை விட்டுவிட்டுத் திரும்புவது உண்டு.

தரங்கம்பாடியில் வரலாறு தரைக்கு மேலே நிற்கிறது. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் செய்துகொண்ட டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, இன்று தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக இருக்கிறது. சீனத் தேயிலைச் சாடிகள், பீங்கான்கள், டேனிஷ் ஆவணங்கள், வாள்கள், சிறு பீரங்கிக் குண்டுகள், ஒரு திமிங்கில எலும்புக்கூட்டின் பகுதி ஆகியவை அங்கே உள்ளன. ஆனால் கண்ணாடிப் பெட்டிகளைவிடக் கட்டடமே அதிகம் பேசுகிறது: கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும், மேல்தளத்தில் அதிகாரிகளின் குடியிருப்பும் வழிபாட்டு இடமும் என, ஒரு வணிகக் கம்பெனி எதைக் காலடியில் வைத்தது, எதைத் தலைக்கு மேல் வைத்தது என்பதைப் படியேறிப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். 1792-இல் கட்டப்பட்ட நகர வாயில், 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் ஆகியவை நடந்துபோகும் தொலைவிலேயே இருக்கின்றன. கடற்கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயில் டேனிஷ்காரர்களுக்கும் மூத்தது. குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-இல் எழுந்தது அது; அதன் முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. டேனிஷ்காரர்கள் இந்த ஊரை 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போயினர்.

பூம்புகாருக்கு வருவோர் நேராகச் செல்வது 1973-இல் கட்டப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்திற்கு. ஏழுநிலை மாடமும் கதைக்காட்சிச் சிற்பங்களும் அழகானவைதாம். ஆயினும் அது ஒரு காப்பியத்திற்கு எழுப்பிய நினைவகமே தவிர, துறைமுகத்தின் சான்று அன்று. சான்று வேண்டுபவர் பூம்புகாரை அடுத்த கீழையூருக்குச் செல்ல வேண்டும். அங்கு 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் அதனருகே ஊன்றிய மரத்தூண்களும் வெளிப்பட்டன. அந்த மரம் கரிமக் கணிப்பின்படி பொது ஆண்டுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. ஏற்றுமதி, இறக்குமதிப் பண்டங்களுக்குச் சோழனின் புலி முத்திரை இட்டதாகப் பட்டினப்பாலை சொல்லும் துறையை நினைத்துக்கொண்டு போகிறவருக்கு, அந்தச் சில வரிசைச் செங்கற்களே போதும். நினைக்காமல் போகிறவருக்கு அது வெறும் குழியாகத் தெரியக்கூடும்.

பூம்புகாரிலுள்ள ஆழ்கடல் அகழ்வைப்பகம் சிறியது, பலர் கவனிக்காமல் கடந்துபோவது. 1990-களின் தொடக்கத்தில் தேசியக் கடலாய்வு நிறுவனமும் மாநிலத் தொல்லியல் துறையும் இக்கடலடியில் நடத்திய தேடல்களே அதற்குப் பின்புலம். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவ அமைப்பு ஒன்று காணப்பட்டதை வைத்துப் பலவிதமாகக் கதை கட்டுகிறார்கள். அதன் காலமும் தன்மையும் இன்னும் விவாதத்தில் இருப்பவை என்பதை நினைவில் கொள்வது நல்லது. அதைவிட என்னை ஈர்ப்பது, இதே கடலில் மூழ்கிய ஓர் ஐரோப்பியக் கப்பலிலிருந்து எடுக்கப்பட்ட ஈயக்கட்டிகள். அவை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை, அதாவது பக்கத்துத் தரங்கம்பாடியில் டேனிஷ் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தவை. சங்ககாலத் துறையின் வாசலிலேயே கம்பெனிக் காலச் சரக்கும் மூழ்கிக் கிடந்திருக்கிறது.

குழந்தைகளுடன் வருபவருக்கும், முன்வாசிப்பு இல்லாதவருக்கும் தரங்கம்பாடியே ஏற்றது. எதையும் கற்பனையால் நிரப்பவேண்டிய தேவை அங்கில்லை. சங்கப் பாடல்களில் பழக்கமுள்ளவர் பூம்புகாரைத் தேர்ந்தெடுக்கலாம், கலைக்கூடத்தை இறுதிக்கு ஒதுக்கிவிட்டு. இரண்டையும் பார்க்க எண்ணுபவர் வெயில் ஏறுமுன் கீழையூரில் தொடங்கி, அகழ்வைப்பகத்தை முடித்துக்கொண்டு, பிற்பகலில் கோட்டைக்குப் போகட்டும். அந்நேரத்தில் கோட்டையின் நிழல் கடல் பக்கமாக விழுந்திருக்கும், மணலில் அமர்ந்து மாசிலாமணிநாதர் கோயிலை நிதானமாகப் பார்க்கலாம்.