ஒளிரும் பாக்டீரியாவா, மண்புழுவா?

2019 ஆகஸ்டில் திருவான்மியூர்க் கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தது நினைவிருக்கிறதா? அது நாக்டிலூகா என்னும் ஓருயிரணு உயிரி. மண்ணின் நஞ்சை அளக்க, மண்புழுவைப் போலவே உதவுவது வேறொரு கடல்வாசி: அலிவிப்ரியோ ஃபிஷெரி என்னும் பாக்டீரியா.

லூசிஃபெரேஸ் என்ற நொதியால் அது ஒளிர்கிறது. அந்த ஒளி உயிரணுவின் சுவாசத்தோடு பிணைந்தது. நஞ்சு தாக்கினால் வெளிச்சம் மங்கும். மண்ணை நீரில் கலக்கி, சாற்றை வடித்து, பாக்டீரியாவுடன் சேர்த்து 30 நிமிடம் காத்திருந்தால் போதும். புழுக்களை அந்த மண்ணிலேயே விட்டுப் பார்க்கும் மண்புழுச் சோதனைக்கோ 14 நாட்கள் வேண்டும். எத்தனை புழுக்கள் பிழைத்தன என்று எண்ணுவார்கள்.

பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளைப் போன்ற பரந்த நிலங்களில் நூறு மண் மாதிரிகளை முதற்கட்டமாகச் சோதிக்க, தயங்காமல் பாக்டீரியாவையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் சில குறைகள் உறுத்துகின்றன. இந்தச் சாற்றுச் சோதனை நீரில் கரைந்து வந்த நஞ்சை மட்டுமே காண்கிறது. மண்துகளில் ஒட்டிய எண்ணெய்க் கழிவு தப்பிவிடலாம். கடல்வாசிக்கு 2 சதவீத உப்பு வேண்டும். அந்த உப்போ காட்மியம் போன்ற உலோகத்தின் வீரியத்தையே மாற்றிவிடும். சாறு பழுப்பாக இருந்தால் அந்த நிறமே ஒளியை விழுங்கும். வெப்பநிலையும் 15 டிகிரியாக இருக்க வேண்டும். சென்னை வெயிலில் குளிரூட்டும் கருவி இல்லாமல் நடக்காது.

மண்புழு மண்ணையே தின்கிறது, தோலாலும் உறிஞ்சுகிறது. அந்த நிலத்தில் மீண்டும் உயிர் தழைக்குமா என்று கேட்டால் அதன் சாட்சியையே நம்புவேன். எந்த நஞ்சு என்பதை இரண்டுமே சொல்லாது. அதற்கு வேதியியல் ஆய்வு வேண்டும். ஒளி மங்கிய மாதிரிகளைப் புழுவிடம் அனுப்புங்கள்; எண்ணெய் வாடை அடிக்கும் மண்ணை, ஒளி மங்காவிட்டாலும், கட்டாயம் அனுப்புங்கள்.