நிலாவெளியா, உப்புவெளியா, டவுனா? வளர்ந்த பிள்ளைகளோடு மூன்று ஓகஸ்ட் லீவு

திருகோணமலையில் சொந்த வீடு இருந்தும் திருகோணமலையிலேயே றூம் போட்டுத் தங்குகிற ஆட்கள் நாங்கள். முதல் வருசம் பக்கத்து வீட்டு அன்ரி கேட்டே விட்டார், "என்ன பிள்ளை, காசு கூடிப்போச்சோ?" என்று. காசு கூடவில்லை. வெள்ளவத்தையிலிருந்து அக்கா குடும்பம் லீவுக்கு எங்கள் வீட்டில் வந்து இறங்கினால் அக்காவும் நானும் பத்து நாளும் குசினிக்குள்ளேதான் கிடப்போம், அத்தானும் இவரும் ரீவிக்கு முன்னால், பிள்ளைகள் நாலு பேரும் வைஃபை நன்றாகப் பிடிக்கிற மூலையில். அதனால் மூன்று ஓகஸ்ட்டுகளில் மூன்று இடத்தில் தங்கிப் பார்த்தோம். கடைசி முறை போனபோது என் மகனுக்கு 17, மகளுக்கு 14, அக்காவின் மகளுக்கு 15, சின்னவனுக்கு 13.

முதல் வருசம் நிலாவெளி. டவுனிலிருந்து வடக்கே 15 கிலோமீற்றர் அளவு. கடலைப் பற்றிப் பேசினால் போட்டியே இல்லை. அகலமான வெள்ளை மணல், கன தூரத்துக்கு ஆழமில்லாத தண்ணீர், கண்ணுக்கு முன்னால் புறாமலைத் தீவு. நீச்சல் தடாகம், மூன்று வேளைச் சாப்பாடு என்று ஒரு பெரிய ஹொட்டேலில் மூன்று இரவு எடுத்தோம். முதல் நாள் எல்லாரும் சொர்க்கம் என்றார்கள். பில் கணக்கில்தான் முதல் குத்து: 12 வயது தாண்டினால் பெரிய ஆள் கணக்காம். அறைக்குள் ஒரு மெத்தையைத் திணித்துவிட்டு முழு ஆளுக்குக் காசு எடுத்தார்கள். அடுத்தடுத்த அறை என்று சொல்லி எடுத்தும் இரண்டு அந்தத்தில் தந்தார்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்த ஹொட்டேல்கள் லாபம், எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை.

ஆனால் உண்மையான பிரச்சினை இரண்டாம் நாள்தான் வந்தது. மகன் இரவு ஒன்பது மணிக்குக் கொத்து வேண்டும் என்றான். வாசலுக்கு வெளியே நீளமான ஒழுங்கை, அதைத் தாண்டினால் மெயின் றோட்டு, அந்த நேரத்தில் அங்கே திறந்திருந்தது ஒன்றுமில்லை. அத்தான் வானை எடுத்தார். அடுத்த நாள் ஐஸ்கிறீமுக்கு, பிறகு சார்ஜர் வயருக்கு, பிறகு சும்மா "ஒரு சுத்து சுத்திவிட்டு வருவோம்" என்பதற்கு, எல்லாவற்றுக்கும் அத்தானும் வானும். லீவுக்கு வந்த மனிசன் டிரைவராகத் திரும்பிப் போனார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நாங்கள் இடம் தேடும்போது கடல் எப்படி, சாப்பாடு எப்படி என்று பார்க்கிறோம். இந்த வயதுப் பிள்ளைகள் பார்ப்பது, பெரியவர்களைக் கேட்காமல் நடந்துபோக அங்கே என்ன இருக்கிறது என்பதை. அது இருந்தால் அவர்களும் சிரித்த முகத்தோடு வருவார்கள், நாங்களும் கொஞ்சம் கால் நீட்டலாம்.

அந்தக் கணக்கில் அடுத்த வருசம் டவுனுக்குள், டச் பே பக்கம் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தோம். மூன்றிலும் மலிவு இதுதான். கடைகள், பஸ் ஸ்டாண்ட் எல்லாம் கிட்ட. பின்னேரம் கடற்கரையில் இறால் வடை, கச்சான் வண்டில்கள். றோட்டோரம் புள்ளிமான்கள் தங்கள் பாட்டில் திரியும், கொழும்புப் பிள்ளைகளுக்கு அது பெரிய புதினம். பிரெட்ரிக் கோட்டை வாசலால் நடந்தே கோணேசர் கோயிலுக்குப் போகலாம், சம்பந்தர் பதிகம் பாடிய தலம். 1622இல் போர்த்துக்கீசர் பழைய கோயிலை இடித்த கதையை நான் சொல்லத் தொடங்கினால் சின்னவன் கொட்டாவி விடுவான், ஆனால் கோயில் பக்கத்து மலைப்பிளவான இராவணன் வெட்டில் எட்டிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு அரை மணி நேரம் நின்றான். கோயிலுக்கு இன்ன நாள் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள். வளர்ந்த பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

டவுனில் குறை என்னவென்றால் குளிக்க முடியாது. கடல் முன்னால்தான் இருக்கிறது, பெடியன்கள் பாய்ந்து குளிப்பார்கள், ஆனால் பெண்பிள்ளைகள் கரையில் குந்தியிருந்து காலை நனைப்பதோடு சரி, அவ்வளவு கண்கள். எங்களுக்கு இன்னொரு கரைச்சலும் இருந்தது. மகன் அக்காவின் மகளோடு ஐஸ்கிறீம் குடிக்கப் போனான், அவர்கள் திரும்புவதற்குள் எனக்கு மூன்று பேர் ஃபோன் எடுத்துவிட்டார்கள், "உங்கட பெடியன் ஒரு பிள்ளையோட நிக்கிறான்" என்று. வெளியூர்க்காரருக்கு இந்தத் தொல்லை வராது.

மூன்றாம் வருசம் உப்புவெளி. டவுனிலிருந்து ஐந்து கிலோமீற்றர் அளவு, அலஸ்தோட்டம் பக்கம். கடல் நிலாவெளி அளவுக்கு வராது, ஒத்துக்கொள்கிறேன். கரையில் படகுகளும் மனிதர்களும் கூட, மணலும் அவ்வளவு துப்புரவில்லை. ஆனால் கடற்கரையோடு வரிசையாக கெஸ்ட் ஹவுஸ், சாப்பாட்டுக் கடை, முக்குளிக்கப் பழக்குகிற இடம். பிள்ளைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்தே ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தார்கள். வெளிநாட்டுக்காரர் நிறையப் பேர் குளிக்கிற இடம் என்பதால் எங்கள் பிள்ளைகள் என்ன உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கினார்கள் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவின் மகள் முழு நாளும் தண்ணீருக்குள் இருந்தது அந்த வருசம்தான். டவுன் வேண்டுமென்றால் நிலாவெளி றோட்டில் பஸ் இருக்கிறது, ஓட்டோ இருக்கிறது. பெரியவன் மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு தானே பஸ் ஏறிப் போய்க் கொத்துச் சாப்பிட்டு வந்து ஒரு கிழமை பெருமை பேசினான்.

சரி, உப்புவெளியில் பயமே இல்லையா? இருக்கிறது. இரவில் பாட்டும் பியருமாக இருக்கிற இடங்கள் உண்டு, சத்தமும் வரும். அத்தான் முதல் இரவு தூங்கவே இல்லை. பிறகு சட்டம் போட்டோம்: தனியாகப் போவதில்லை, பத்து மணிக்குள் அறை, ஃபோனில் சார்ஜ், இருட்டினால் கடலில் கால் வைப்பதில்லை. ஒருநாள் பத்தரை ஆனது, அடுத்த நாள் ஃபோன்கள் அக்காவின் கைப்பைக்குள் போயின. அதற்குப் பிறகு பிந்தவில்லை.

ஓகஸ்ட்டில் கச்சான் காற்று அடிக்கும். (வண்டிலில் விற்கிற கச்சான் இல்லை, தென்மேற்கிலிருந்து வருகிற சுடுகாற்று.) மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை வெளியே தலை காட்ட முடியாது. மலிவு என்று வெறும் ஃபேன் அறை எடுத்தால் அந்த மூன்றரை மணி நேரமும் சண்டைதான், பிள்ளைகளின் அறைக்காவது ஏசி எடுங்கள். அந்த நேரத்தில் ஒரு திட்டமும் போடாதீர்கள், தூங்கட்டும், ஃபோன் பார்க்கட்டும். பத்து மாதம் ரியூஷனுக்கு ஓடின பிள்ளைகள்.

புறாமலைக்கு எங்கே தங்கினாலும் போகலாம். உப்புவெளியிலிருந்தும் படகு உண்டு, நேரம் கூட எடுக்கும், காசும் கூட. நாங்கள் ஓட்டோவில் நிலாவெளிக்குப் போய் அங்கிருந்து ஏறினோம், கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா, படகுக் காசு வேறு, நுழைவுச் சீட்டு வேறு. விடிய முதல் படகில் போனால் சனம் குறைவு. கரையோரம் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் சுற்றுவதைப் பார்த்த சின்னவன், ஃபோனை மறந்து மூன்று மணி நேரம் தண்ணீருக்குள் முகத்தை வைத்திருந்தான். கரையெல்லாம் உடைந்த முருகைக்கல், செருப்பில்லாமல் போனால் கால் கிழியும். உயிரோடிருக்கிற முருகைக்கல்லில் ஏறி நிற்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கன்னியா வெந்நீரூற்று இந்த வயதுக்குப் பதினைந்து நிமிசம். ஏழு கிணற்றிலும் ஒவ்வொரு வாளி ஊற்றி, எது கூடச் சுடுகிறது என்று பந்தயம் கட்டி, முடிந்தது. மார்பிள் பீச் அமைதியான தண்ணீர், நீந்தத் தெரியாதவர்கள் இருந்தால் ஒரு பகல் அங்கே கழிக்கலாம். திமிங்கிலம் பார்க்க விடியற்காலையில் படகேற வேண்டும், எங்கள் நாலு பேரில் ஒருவரும் எழும்பவில்லை. நானும் எழுப்பவில்லை.

இது எல்லாம் சித்திரை முதல் புரட்டாதி வரைக்கும்தான். மார்கழி லீவுக்கு வருவதாக இருந்தால் டவுனில் தங்குங்கள், வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும், எந்தக் கரையிலும் பிள்ளைகளை இறக்க முடியாது.

இந்த ஓகஸ்ட்டுக்கு உப்புவெளியில் மூன்று அறை சொல்லி வைத்திருக்கிறேன், நிலாவெளியில் மூன்று இரவுக்குக் கொடுத்த காசில் இங்கே ஐந்து இரவு. அத்தான் மட்டும் இன்னும் நிலாவெளிக் கடல் என்று முனகிக்கொண்டிருக்கிறார். காலையில் வானை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்க் குளித்துவிட்டு வரட்டும் என்று அக்கா சொல்லிவிட்டா.