பஞ்சு பறக்குற எடத்துல ஒரு க்ரோம்புக்: எட்டு மாசம் ஓட்டிப் பாத்தாச்சு

திருப்பூர்ல பனியன் தைக்கிற எடத்துல லேப்டாப் வெச்சிருக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒடனே புரியும். நம்மளுது பனியன் தைச்சுக் குடுக்கற சின்ன பவர் டேபிள் யூனிட்டுங்க, 14 மிஷினு, ஓவர்லாக்கு, பேட்லாக்குன்னு தையல் மிஷினெல்லாம் காத்தால இருந்து ஓடுனா டேபிளு, டீ கிளாஸு, சாமி படம்னு எல்லாத்து மேலயும் பஞ்சு படிஞ்சுரும். என்ற பழைய விண்டோஸ் லேப்டாப்பு அந்தப் பஞ்சையெல்லாம் ஃபேன் வழியா இழுத்து இழுத்து கடைசில மாவு மில்லு மாதிரி சத்தம் போட ஆரம்பிச்சுருச்சு. சர்வீஸ் கடைல கழட்டிக் காமிச்சாங்க, உள்ள கொழந்தைக்குத் தலகாணி தைக்கலாம், அவ்வளவு பஞ்சு. மூணாவது வாட்டி கொண்டு போறப்ப அந்தக் கடைத் தம்பியே "ஏனுங்ணா, ஃபேனே இல்லாத மிஷினா ஒண்ணு வாங்கிக்கலாமல்லங்ணா"ன்னாப்ல. அப்படித்தான் க்ரோம்புக் வூட்டுக்குள்ள வந்துச்சு.

கோயமுத்தூர்ல வாங்குனது. 11.6 இஞ்ச், 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ், 20 ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுது. எந்தக் கம்பெனின்னு சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்லீங்க, எவன் செஞ்சாலும் உள்ள ஓடறது கூகுளோட க்ரோம் ஓஎஸ்தான். 2011ல இருந்து விக்கறாங்க, அடில லினக்ஸு, மேல பாத்தா நம்ம க்ரோம் பிரவுசரு. அதனால நம்ம பொழப்பு பிரவுசருக்குள்ள முடியுமா முடியாதான்னு மட்டும் யோசிச்சுக்கணும். எனக்கு முக்காவாசி முடியுது. பார்ட்டி மெயில்ல அனுப்பற டெக் பேக் (துணியோட அளவு, டிசைன் விவரம்), சரக்கு அனுப்பறதுக்கு ஈவே பில்லு, பேங்க்கு, வாட்சப் வெப்பு, எல்லாமே டேப்புலதான். ஃபேன் இல்லாததுனால சத்தமும் இல்ல, பஞ்சு போறதுக்கு ஓட்டையும் இல்ல, எட்டு மாசமா பொழுதோட ஒரு துணில தொடச்சு வெக்கறதோட சரி. கீபோர்டு சந்துல மட்டும் கொஞ்சம் ஏறுது, அதுக்குப் பழைய பெயிண்ட் பிரஷ்ஷு இருக்குது.

சனிக்கெழமை சம்பளந்தான் நம்ம ஊருல பெரிய வேலை. டெய்லருக்கெல்லாம் பீஸ் ரேட்டு, செக்கிங்க்கு ஷிப்ட்டு, இதுல புதங்கெழமை ஒருத்தர் அட்வான்ஸு வாங்கியிருப்பாரு. முன்ன நோட்டுல எழுதி ராத்திரி எக்செல்ல ஏத்துவேன். இப்ப கூகுள் ஷீட்டு, சூப்பர்வைசர் அவரு போன்ல பீஸ் கணக்க போட்டா இங்க ஒடனே வந்துருது, நான் ரேட்டைப் பெருக்கிக் காசு எண்ணறதுதான். மாசத்துக்கு ஒருக்கா ஈபில பராமரிப்புன்னு காத்தால 9 மணிக்குக் கரண்ட்ட நிறுத்துனா, பழசுல அரை மணி நேரங்கூட தாங்காது, இதுல வேலை பாத்துட்டே கரண்டு வர்ற வரைக்கும் உக்காந்திருக்கலாம். பாக்ஸ்ல 10 மணி நேரம்னு போட்டிருக்குது, எனக்கு ஏழு ஏழரை வருது. அது போதும்.

நெட்டு இல்லீன்னா என்னாகும்னு எல்லாரும் கேக்கறாங்க. அதுல எனக்கு ஒருக்கா நல்லா கெடச்சுது. தாராபுரம் பக்கம் எங்கப்பாரு காலத்துத் தோட்டம், நோம்பிக்குப் போயிருந்தோம், சாளைல டவரே எடுக்காது. சம்பள ஷீட்ட தொறந்தா வட்டம் சுத்திட்டே இருக்குது. ட்ரைவ் செட்டிங்ஸ்ல ஆஃப்லைன்னு ஒண்ணு இருக்கறதும், அத நெட்டு இருக்கறப்பவே போட்டு வெக்கோணும்ங்கறதும் எனக்குத் தெரியல, தப்பு என்மேலதான். தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு போன் ஹாட்ஸ்பாட்டுல கணக்கு முடிச்சேன், கீழ ஒறம்பரையெல்லாம் அண்ணாந்து பாத்துட்டு நிக்கறாங்க. இப்ப ஆஃப்லைன் போட்டாச்சு, நெட்டு இல்லாம அடிச்சதையும் நெட்டு வந்ததும் அதுவே ஏத்திக்குது.

கணக்கு எழுதற டேலிதான் சிக்கல். அது விண்டோஸ் சாப்ட்வேரு, இதுல நேரா ஓடாது. ஆடிட்டர் ஆபீஸ்ல டேலி டேட்டாதான் கேப்பாங்க. ஜிஎஸ்டி ரிட்டர்னு எனக்கு தனி ஓனருங்கறதால ஓடிபில முடிஞ்சுருது, ஆனா உங்களுது பிரைவேட் லிமிடெட்னா டிஜிட்டல் சிக்னேச்சர் வேணும், அது இருக்கற யூஎஸ்பி டோக்கனுக்கு இத நம்பி எறங்காதீங்க. ஏஜென்சிக்காரங்க அனுப்பற காஸ்டிங் ஷீட்டுல மேக்ரோ (பட்டன அமுக்குனா தானா கணக்குப் போடற எக்செல் புரோகிராம்) இருந்தா தொறக்கும், பட்டன அமுக்குனா அசையாது. எங்க பழைய லேசர் பிரிண்டரயும் இது கண்டுக்கவே இல்ல, டெலிவரி சலானுக்கு ரெண்டு வாரம் ஜெராக்ஸ் கடைக்கு நடந்துட்டு, பொறவு வைஃபை பிரிண்டர் வாங்கிட்டேன். அந்தக் காசையும் சேத்தா இது ஒண்ணும் அவ்வளவு சீப்பு இல்ல. மச்சாம் பையன் லினக்ஸ ஆன் பண்ணி, எக்செல் மாதிரி ஓசில கெடைக்கற லிப்ரே ஆபீஸெல்லாம் போட்டுக் குடுத்தான், 4 ஜிபி ராம்ல மாட்டு வண்டிதான், எடுத்துட்டேன். வாங்கறவங்க 8 ஜிபியா பாருங்க.

கேப்ஸ் லாக் கீயும் இல்லீங்க. அந்த எடத்துல தேடற பட்டனு இருக்குது, ஜிஎஸ்டி நம்பர் அடிக்கறப்ப பழக்கத்துல அமுக்கி அமுக்கி மெனு வந்து நிக்கும், ஆல்ட்டோட சேத்து அமுக்கோணுமாம். தமிழ் அடிக்கறது மட்டும் சொகமா இருக்குது, தமிழ்99 கீபோர்டு உள்ளயே இருக்குது, செட்டிங்ஸ்ல சேத்துக்கிட்டாப் போதும், இதெல்லாம் அதுலதான் அடிக்கறேன்.

மெயிலு, ட்ரைவு, போட்டோ மூணுக்கும் சேத்து ஓசில 15 ஜிபிதான். சேம்பிள் போட்டோவா வந்து அஞ்சு மாசத்துல ரொம்பிருச்சு, அது ரொம்புனா மெயிலே உள்ள வராது, ஜாக்கிரதை. அதே மாதிரி செகண்ட் ஹேண்டுல ஏழாயிரம் எட்டாயிரம்னு யாராவது காமிச்சா ஆசப்பட்டு வாங்கீராதீங்க. புது மாடலுகளுக்கு 10 வருஷம் அப்டேட் வரும்னு 2023ல கூகுள் சொல்லுச்சு, ஆனா அது நீங்க காசு குடுத்த நாள்ல இருந்து இல்ல, அந்த மாடலுக்கு அடிப்படையான பிளாட்பார்ம் (உள்ள இருக்கற ஹார்டுவேர் வகை) மொதல்ல கெளம்புன நாள்ல இருந்து. செட்டிங்ஸ்ல க்ரோம் ஓஎஸ் பத்திங்கற எடத்துல தேதி இருக்கும், கடைலயே தொறக்கச் சொல்லிப் பாருங்க. தொறக்க மாட்டேன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க.

பழைய விண்டோஸையும் விக்கல. செக்கிங் டேபிளு ஓரத்துல டேலிக்குன்னே கெடக்குது. 11ஆம் தேதிக்குள்ள போடற ஜிஎஸ்டிஆர்-1க்கு (மாசாமாசம் விப்பனை காட்டற ஜிஎஸ்டி ரிட்டர்னு) முன்னால ரெண்டு நாளு மட்டும் அத ஆன் பண்றோம், ஆன் பண்ணதும் அது போடற சத்தத்துல செக்கிங் அக்காவே "ஏனுங், மாசம் பொறந்து பத்து நாளாயிருச்சுங்களா"ங்குது.