சிபில் இல்லாமல் பழைய போலோ டிஎஸ்ஐ: ஃபைனான்ஸா, வங்கியா, நகைக்கடனா?

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை பக்கம் நல்ல நிலையில் ஒரு பழைய போலோ டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல் இன்ஜின் உள்ள ஃபோக்ஸ்வாகன் கார்) விலைக்கு வந்தால் பையன்கள் விடுவதில்லை. ஸ்போர்ட்ஸ் கார் ஆசையும் நம்முடைய பட்ஜெட்டும் ஓரளவு ஒத்துப்போகிற வண்டி அது. விலை 5 லட்சம், கையில் 2 லட்சம், இதுவரை கடனே வாங்காததால் சிபில் ஸ்கோரும் (கடனைக் கட்டிய வரலாற்றுக்குத் தரும் மதிப்பெண்) இல்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி 3 லட்சத்துக்கு மூன்று வழி உண்டு.

முதலில் கண்ணில் படுவது, வண்டி விற்கிற இடத்திலேயே ஏற்பாடு செய்து தரும் ஃபைனான்ஸ். ஆதார், பான், நாலு செக் கொடுத்தால் சீக்கிரம் சாவி கைக்கு வந்துவிடும். "வட்டி பன்னிரண்டுதான் தம்பி" என்பார்கள். ஃபிளாட்டா (கடைசி வரை முழு அசலுக்கும் வட்டி), டிமினிஷிங்கா (மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி) என்று அங்கேயே கேளுங்கள். 3 லட்சம், 36 மாதம், ஃபிளாட் 12 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 1,08,000 ரூபாய்; மாதத் தவணை 11,333. அதே 12 சதவீதம் டிமினிஷிங்கில் தவணை 9,964, மொத்த வட்டி ஏறக்குறைய 58,700. அசலில் பாதியை அடைத்த பிறகும் முழு அசலுக்கு வட்டி வாங்கினால் கணக்கு இப்படித்தான் வரும். அந்த ஃபிளாட் 12, டிமினிஷிங் கணக்கில் 21-க்கும் மேல். படித்த பிள்ளைகள்கூட இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனமாக இருந்தால், எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும். 2024 அக்டோபர் முதல் அது கட்டாயம். அந்தத் தாளைத் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வங்கியில் பழைய கார் கடனுக்கு வட்டி பொதுவாகக் குறைவு. ஸ்கோர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரைத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கிறது. ஆனால் வருமானத்தைக் காட்டியாக வேண்டும். சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ இருந்தால் முதலில் வங்கிக்கே போங்கள். ரப்பர் தோட்டத்திலும் வள்ளத்திலும் கைப்பணமாகச் சம்பாதிக்கிறவருக்கு இந்தக் கதவு லேசில் திறக்காது. வண்டியின் வயதையும் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது நகைக்கடன். நம் மாவட்டத்தில் நாலு பவுன் இல்லாத வீடு குறைவு. ஈடு நகை என்பதால் சிபில் பெரிய தடையில்லை. 2025-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை, 5 லட்சம் வரை என்றால் 80 சதவீதம் வரை தரலாம். வண்டியின் ஆர்சி (பதிவுச் சான்று) புத்தகத்தில் கடன் பதிவு ஏறாது. விற்க நினைத்தால் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். ஒழுங்காகக் கட்டினால் சிபிலிலும் பெயர் ஏறும். ஒரே பயம், வருஷத்துக்கு ஒருமுறை வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிற பழக்கம். கார் விலை இறங்கிக்கொண்டே போகும், அசல் அப்படியே நிற்கும், கடைசியில் அம்மாவின் வளையல் ஏலத்துக்குப் போகும். மாதாமாதம் அசலும் சேர்த்துக் கட்டுகிற திட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேயே வையுங்கள்.

அப்புறம் வண்டி. 2013-ல் வந்த 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐக்கு 105 குதிரைத்திறன், டிஎஸ்ஜி எனும் ஏழு கியர் ஆட்டோமேட்டிக். ஆரல்வாய்மொழி தாண்டி நாலுவழிச் சாலையில் மிதித்தால் மனசு நிறையும். ஆனால் அந்த கியர்பாக்ஸை இயக்கும் மெகாட்ரானிக் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். 2020-ல் வந்த 1.0 டிஎஸ்ஐ மேனுவலில் ஜிடி எழுத்து இருக்காது. 110 குதிரைத்திறன், ஆறு கியர். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஃபிளாட் வட்டியைத் தவிர்த்து மிச்சமாகும் 49,000 ரூபாயை இதில் போடலாம். என் ஓட்டு இந்த மேனுவலுக்கே.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் தரைவிரிப்பைத் தூக்கி, கதவு ரப்பருக்கு அடியில் விரல் விட்டுத் துருவைப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியானால் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறை தெரியும்.

களியக்காவிளை தாண்டிக் கேரளப் பதிவு வண்டி மலிவாகக் கிடைத்தால், விலையோடு தமிழ்நாட்டுச் சாலை வரியையும் கூட்டிப் பாருங்கள். அங்கத்திய ஆர்டிஓ தரும் என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும். பழைய கடன் இருந்தால் அது நீங்கியதற்கான சான்றும் வேண்டும். இவை வரும்வரை முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். நகையையும் என்ஓசி கைக்கு வந்த பிறகு கொண்டுபோய் வைத்தால் போதும். வட்டி அன்றிலிருந்துதானே ஓடும்.